முளைக்காத தினை

"நீங்களே கேட்டாத்தான் என்னங்க?" என்றாள் ஜெயமேரி. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரே குடையில் இருவரும் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள்.

"எதக் கேக்கறது?" என்றார் அருள்சாமி.

"எதுன்னு தெரியாதுங்களாக்கும். கோயில்ல கல்யாண ஓல வாசிச்சதுல இருந்து உங்க மூஞ்சி போற போக்கப் பாத்துட்டுத்தான வரேன்."

"காலஞ்சென்ற சூசைராஜ் மகள் அபிஷான்னு வாசிச்சாங்க. உள்ளதத்தான வாசிச்சாங்க. அதுல எனக்கு என்ன வந்துது?"

"பேரு அவரு பேருதானுங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணக் கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது யாருன்னுதான உங்க மனசு கெடந்து அடிச்சுக்குது? அத அவகிட்டக் கேளுங்களேன்."

"அவளுக்காத் தோணோணும் ஜெயா. கேட்டு வாங்கற சமாச்சாரமா இது?"

"தோணுனாலும் உங்ககிட்ட எப்பிடிங்க சொல்லுவா? அவ ஒண்ணு பேச வந்தா, நீங்க மழையப் பத்தியும் மொளகுக் கொடியப் பத்தியும் பேசி அனுப்பிச்சு உடறீங்க."

அருள்சாமி குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஆட்களை மேய்த்த மனிதர் அவர். பங்களா துரையிடம்கூட நின்று பேசியவர். ஆனால் ஜெயமேரியின் முதல் கணவர் சூசைராஜ் இறந்து, அவளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு இவர் வந்து சேர்ந்தபோது பாவாடை சட்டையில் கதவோரம் நின்று "சித்தப்பா" என்று கூப்பிட்ட சிறுமி அபிஷாவிடம் மட்டும், இன்றுவரை எதையும் கேட்டதில்லை. அவள் வளர்ந்து, நர்ஸாகி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய், இப்போது சேலத்துப் பையன் எல்வினுக்கு நிச்சயமாகியும் ஆயிற்று. போகும்போது தான் ஆசையாக வளர்த்த ஃபின்ச் குருவிகளைக் கூண்டோடு இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். ஜெயமேரி அன்பியச் செபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் ஆள் இல்லாத இந்த நேரத்தில் கேட்டுவிடுவது என்று அருள்சாமி முடிவு செய்து, தொண்டையைச் செருமிச் சரி பண்ணிக்கொண்டிருக்கையில் செல்போன் அடித்தது. அபிஷாதான்.

"ஹலோ... ஹலோ... கேக்குதா கண்ணு?... இரு இரு, சன்னலுகிட்ட வந்தர்றேன், இங்க டவரு நிக்க மாட்டேங்குது... ஆ, இப்பச் சொல்லு... ஆமா, நாந்தான். உங்கம்மா செபத்துக்குப் போயிருக்கா... ம், நல்லா இருக்கறன். நீ சாப்ட்டயா?... செரி செரி... கண்ணு, நானே உனக்குப் போன் போடலாம்னுதான் இருந்தேன். ஒரு விசயம்..."

விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மறுமுனை அதற்குள் குருவிகளைக் கேட்டுவிட்டது.

"...குருவிகளுக்கென்ன. உசுரோடதான் இருக்குது. நாந்தான் சாவறேன்... நாத்தத்துல, கண்ணு, நாத்தத்துல. வேற எதுல?... நீதான சொன்ன, குஞ்சு பொரிச்சிருக்குது, தினைய ஊற வெச்சு மொள கட்டிக் குடுங்க சித்தப்பான்னு. கட்டி வெச்சேன். மொளைய எங்க காணம். கிண்ணத்தத் தொறந்தா, அப்பப்பா, செத்த எலிய மோர்ல போட்டு வெச்ச மாதிரி... சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். வெரல உட்டா கொழகொழன்னு நூலு வருது. இந்தக் கையிலதான் இனிப் பன்னு சாப்டோணும்... கழுவுனேன், கழுவுனேன். சோப்புப் போட்டுக் கழுவியும் போவுல. எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தேன். இப்ப எலுமிச்சம்பழமும் நாறுது."

பின்கட்டு வராந்தாவில் கூண்டு இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி வந்து சில்வர் ஓக் மரங்களைப் பாதிக்கு மேல் அழித்துவிட்டிருந்தது. குளிருக்காகக் கூண்டின் ஓரத்தில் எரிந்த குண்டு பல்பின் வெளிச்சத்தில், சிவந்த அலகும் கோடு போட்ட கழுத்துமாக ஆண் குருவி ஒன்று 'மீ மீ' என்று கத்தியது. அருள்சாமி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

"...மாத்துனேன் கண்ணு, காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா தண்ணி மாத்துனேன். நீ சொன்னாப்பலயேதான்... துணியிலயும் கட்டிப் பாத்தாச்சு. துணியத் தூக்கி எறிஞ்சாச்சு. அது உங்கம்மாவோட இட்டிலித் துணி, அவகிட்டச் சொல்லீராத... பொறு, அத அப்பறம் பேசலாம். உன்ற மாப்பிள்ள அனுப்பிச்சாரே ஒரு மூட்ட, அதக் கேளு மொதல்ல."

எல்வின் நல்ல பையன். வருங்கால மனைவியின் குருவிகள் என்றால் அவனுக்கும் ஒரு பாசம். சேலத்துக் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி, ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். அருள்சாமி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவார்.

"...மிக்ஸ்னு மேல போட்டிருக்குது. தொறந்தா உள்ள சூரியகாந்தி வெத. ஏன் கண்ணு, இதுக இருக்கறதே என்ற கட்ட வெரல் அளவு. சூரியகாந்திய எப்பிடி ஒடைக்கும், சுத்தியல் எடுத்துட்டா வரும்?... கிளிக்கு உள்ளதா? அப்ப அந்தத் தம்பி கிளியக் கட்டிக்கட்டும்... இல்ல கண்ணு, ஒரு பேச்சுக்குச் சொன்னேன், கோவிச்சுக்காத... அது மட்டுமில்ல, செகப்பும் பச்சையுமா என்னமோ உருண்ட உருண்டையா சாயம் போட்டுக் கலந்திருக்குது. விட்டமின்னாம். அதத் தின்னுட்டு பேப்பர் மேல எல்லாம் பச்சப் பச்சையாப் பேஞ்சு வெச்சிருக்குதுக. காலையில அத வழிச்சு எடுத்துட்டு வந்து காப்பியக் கையில எடுக்கறன், அதுவும் பச்சையாத் தெரியுது... எல்லாத்தயும் பொறுக்கி எடுத்துட்டேன். மொறத்துல போட்டுப் பொடைச்சு, சூரியகாந்தி தனி, சாயம் தனி. தினையும் சாமையும் பனிவரகும் மட்டும் வெச்சிருக்கறன்... ம்... ம்... அது செரிதானா? அப்பாடா. ஒண்ணாவது செரியாப் பண்ணிருக்கறன்."

'கண்ணு, அந்தக் கோயில் விசயம்' என்று ஆரம்பிக்க இது நல்ல இடம் என்று அவருக்குத் தோன்றியது. மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சோடு ஊறின தினையின் வாடையும் உள்ளே போனது.

"...ச்சை... இல்ல, ஒன்னச் சொல்லல. வாட அடிச்சுது... என்னது, சொட்டு மருந்தா? ஊத்தினேன், தண்ணியில ரெண்டு சொட்டு. இருமல் மருந்துல சக்கரய அள்ளிக் கொட்டுன மாதிரி ஒரு வாசம். மறுநா பாத்தா தண்ணிப் புட்டியில பாசி புடிச்சு வழுவழுன்னு இருக்குது. வெரல உட்டு வழிச்சேன் பாரு, எனக்கு அன்னிக்கு மத்தியானச் சோறு எறங்கல... தெனமும் கழுவோணுமா? நீ தெனமும் கழுவுனயா?... நெசமாவா? இந்த அசிங்கத்தயா?... நர்ஸுன்னா பழகிப் போயிருமாக்கும். எனக்குப் பழகாது சாமி. நானு அட்டைய உப்புப் போட்டு உருவி எறிஞ்சவன், பாம்ப அடிச்சுத் தூக்கிப் போட்டவன். இதுக்குக் கொமட்டுது.

"அப்பறம் இன்னொண்ணு. அந்தப் புழு... ஆமா, புழுதான். உன்ற மாப்பிள்ள டப்பாவுல போட்டு அனுப்பிச்ச உசுருப் புழு. குளுருல வெய்யுங்கன்னு சீட்டு வேற ஒட்டியிருந்துது. பிரிஜ்ஜுல தயிருக்குப் பக்கத்துல வெச்சுட்டேன்... நானு சொல்ல மறந்துட்டேன். உங்கம்மா கொழம்புக்குப் புளின்னு நெனச்சு மூடியத் தொறந்துட்டா... எறிஞ்சா. வேற என்ன பண்ணுவா? சமையக்கட்டுப் பூரா நெளியுது. நானு மொளந்தாள் போட்டுப் பொறுக்கறேன், அவ ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்றா... சிரி சிரி. உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். ஒண்ணு அலமாரிக்கு அடியில போயிருச்சு. இன்னும் கெடைக்கல. நானு செருப்பில்லாம சமையக்கட்டுக்குள்ள போறதே இல்ல."

அவள் சிரிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கு அவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். இப்போதும் முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"...என்னது?... ஏன் மொளைக்கலன்னு எனக்கெப்பிடித் தெரியும்? மட்ட வெதயா இருக்கும்... இதே வெத உனக்கு மொளைச்சுதா?... நீ வெச்சுட்டுப் போன அதே மூட்டதான்... எங்க வெச்சிருந்தேனா? ஸ்டோர் ரூம்புல, பலகை மேலதான்... ஈரந்தான் கண்ணு. ஆடி மாசத்துல இங்க எது காஞ்சு கெடக்குது? தீப்பெட்டியே பத்த மாட்டேங்குது. மூட்டையத் தொறந்தா சில்லுன்னு இருந்துது, பூசணம் கட்டீருமேன்னு பயந்து போயி..."

அருள்சாமி நிறுத்தினார். மறுமுனையில் கேள்வி விடாமல் வந்தது போலிருந்தது.

"...ஒண்ணும் பண்ணல... வெயில் ஏது காய வெய்க்க?... அட, ஒண்ணும் பண்ணலன்னு சொல்றன்ல... லேசா, நொம்ப லேசா, இரும்புச் சட்டியில போட்டு..."

"...ஆமா. வறுத்தேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஹலோ... இருக்கறயா கண்ணு?... எண்ணெய் எல்லாம் உடல. வெறுஞ் சட்டிதான். கருகவும் இல்ல, வாசம் வந்ததும் எறக்கீட்டேன்... காப்பிக் கொட்டைன்னாலும் மொளகுன்னாலும் ஈரங் கண்டா ஒண்ணு வெயிலு, இல்லீன்னா சூடு. இந்தக் கைக்கு அதுதான் தெரியும்... ஆமா ஆமா, வறுத்தத ஊற வெச்சா மொளைக்காதுதான். அது இப்பத்தான் மண்டையில ஏறுது. இத்தன நாளும் வறுத்த தினைய ஊற வெச்சு, தெனமும் தண்ணி மாத்தி, மொள வந்துதா மொள வந்துதான்னு மோந்து மோந்து பாத்துட்டு இருந்திருக்கறன்... யாருகிட்டச் சொல்ற? யாரு பக்கத்துல?... வார்டு பூராச் சொல்லு. ஏற்காட்டு ரைட்டரு வறுத்த வெதைய மொளைக்க வெச்சாருன்னு மைக்குப் போட்டுச் சொல்லு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அருள்சாமியும் மீசைக்குள் சிரித்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தார். கொட்டும்போது மூக்கைப் பொத்த வேண்டிய கையில் போன் இருந்ததால், மூச்சை அடக்கிக்கொண்டே "ம்... ம்..." என்று பதில் சொன்னார்.

"...கொட்டீட்டேன். ஊ... தல சுத்துது... வறுத்தத அப்பிடியே திங்கக் குடுக்கலாமா?... சத்துக் கொறச்சலா? செரி, நாளைக்குக் கடையில புதுத் தினை வாங்கியாந்தர்றேன்... குஞ்சுகளா? இருக்குது. இரு, பாத்துச் சொல்றேன்... ஐய. என்ன கண்ணு இது, மயிருமில்ல மட்டையுமில்ல, பல்லிக்குட்டியக் கொதிதண்ணியில போட்டு எடுத்த மாதிரி. கண்ணக் காணம். வாய மட்டும் பொளந்துக்கிட்டு. தொண்டக்குள்ள கறுப்புக் கறுப்பாப் புள்ளி வேற... அதுதான் அழகா? அடப் போ... எல்லாம் இருக்குது, ஒண்ணும் சாவல. இரைப்பைல தீனி வெள்ளையாத் தெரியுது... முட்டதான். அவிச்சு, ஓட்டோட பொடிச்சுப் பிசைஞ்சு வெச்சேன். மத்தியானத்துக்குள்ள எடுத்தர்றேன், இல்லீன்னா அது ஒரு நாத்தம். கடல் நுரையும், அதான் கணவாய் மீன் ஓடு, நாட்டு மருந்துக் கடையில வாங்கியாந்து கம்பியில கட்டியாச்சு. பொட்டக்குருவி அதயேதான் கொத்தீட்டு இருக்குது... ராத்திரி கரண்டு போனா? போனா நானு எந்திரிச்சுப் போயி சாக்க மூடி உட்டுட்டு வரேன். போவாம?... அட, அதுக்கெதுக்குத் தேங்ஸு?"

கூண்டுக்குள் குஞ்சுகள் சன்னமாகக் கீச்சிட்டன. இப்போது கேட்டுவிட வேண்டியதுதான் என்று அருள்சாமி நிமிர்ந்து நின்றார். மறுமுனை முந்திக்கொண்டது.

"...யாரு, இன்னாசி மாமாவா?"

அவர் குரல் சட்டென்று தணிந்தது. இன்னாசி, ஜெயமேரியின் அண்ணன். அபிஷாவுக்குத் தாய்மாமன்.

"...கோட்டா? கல்யாணத்துக்கா?... நீலக் கலரா. நல்லா இருக்கும். அவரு ஒசரத்துக்கு எடுப்பா இருக்கும்... ம்... ம்... தாய்மாமன்தான, முறைதான். யாரு வேண்டாம்னா... கோயில் உபதேசியாரு கேட்டாரு, பொண்ணக் கூட்டிட்டு வரது யாருன்னு. ஆமா, என்கிட்டத்தான் கேட்டாரு. கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்... செரி. இன்னாசி மாமான்னு நாளைக்குச் சொல்லிர்றேன்."

வாயில் அந்தப் பெயர் தினைத் தண்ணீரைவிடக் கசந்தது. இன்னாசி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அபிஷாவுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர். ஒரு கோட்டு, அதுவும் நீலக் கோட்டு, தைத்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நிற்கப் போகிறார். நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது. அவர்மேல் பாதி, வாய் திறக்காத தன்மேல் பாதி.

"...நானா? எனக்கென்ன கண்ணு, எப்பவும் போடற வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட. பின்னால பெஞ்சுல உக்காரற ஆளு எதப் போட்டா என்ன?... இல்ல, நல்லாத்தான் பேசறேன். குரலுக்கு என்ன? பனி, தொண்ட கட்டியிருக்குது... குருவிகளாலயா?... ஏன், எல்வின் ஊட்டுல எதுக்குக் கொண்டுபோயி உடோணும்?... அருவருப்பா இருக்குதுன்னு சொன்னேன், ஆமா சொன்னேன். அதுக்காகத் தூக்கிட்டுப் போயிருவயா? சேலத்து வெக்கைல குஞ்சு தாங்குமா? தொட்டீன்னா பாரு. கெடக்கட்டும் இங்கயே. நாறிக்கிட்டே கெடக்கட்டும்... கத்தல கண்ணு. நானு கத்தல."

பிறகு அவள் ஏதோ மெல்லச் சொல்ல, அருள்சாமி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"...என்ன சொன்ன? மறுக்காச் சொல்லு... அவராவே தெச்சுக்கிட்டாரா? நீ கூப்புடலயா?... உங்கம்மா சொல்லலயா?... அப்ப அவருதான் கேட்டாரா, நானு கூட்டிட்டுப் போறன்னு... நீ என்ன சொன்ன?... இன்னும் ஒண்ணுஞ் சொல்லலயா? ஏன் சொல்லல?"

வந்தது மிகவும் சின்னப் பதிலாக இருந்திருக்க வேண்டும்.

"...வேற யாரும் கேக்கலயா."

அதைச் சொன்னது அவர்தான். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். சொன்னபின் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியில் ஒட்டியிருந்த எச்சம் விரலில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"...ம்... ம்... டூட்டிக்குக் கூப்புடறாங்களா? செரி, போ... இல்ல, போவாத. வெச்சராத, இரு... வார்டு எங்கயும் போயிராது, ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு... இல்ல, குருவி விசயம் இல்ல. குருவிக நல்லா இருக்குது. நாத்தமும் நானும் பழகிக்கறோம்... இல்ல, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாத... அழுவல கண்ணு. யாரு அழுவறா... இரு. சொல்றேன். இதச் சொல்லத்தான் பொழுதெல்லாம் போனக் கையில வெச்சுட்டு நின்னேன். உன்கிட்ட நானு எதயும் கேட்டதில்ல. கேக்கற எடத்துல நானு இருக்கறனான்னு தெரியாம கேக்கல. இப்பக் கேக்கறேன். கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் உன்ற கையப் புடிச்சு நானு கூட்டிட்டு வரட்டுமா, சாமி?"